என் வாய்க்குப் போன பிடி அரிசி

வலது பக்கம் கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல் எனக்கு இல்லை. அந்தக் குழிக்குள் நாக்கு இன்னும் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. கேட்பவர்களிடம் சொத்தைப் பல், எடுத்துவிட்டார்கள் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். அது சொத்தையே இல்லை. நல்ல பல். நான்தான் அதை வருஷக்கணக்கில் தேய்த்து, கடைசியில் உடைத்தேன். பச்சை அரிசி தின்று உடைத்தேன். பச்சரிசி இல்லை, வேகாத அரிசி. தின்றது பெரும்பாலும் புழுங்கல்.

சொன்னால் முதலில் எல்லாரும் சிரிக்கிறார்கள். இதெல்லாம் ஒரு பழக்கமா, குடிக்கிறவன் மாதிரி இவ்வளவு வருத்தமாகச் சொல்கிறாயே என்கிறார்கள். சின்ன வயதில் அம்மா அரிசி புடைக்கும்போது ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொள்ளாத பெண் யார்? அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்று என் அம்மாவும் முதுகில் ஒன்று வைப்பாள். மே மாத வெயிலில், பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில் எனக்குக் கல்யாண வரவேற்பு. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது, வாசல் பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது. மேடையில் நின்ற என்னை அம்மா ஒரு பார்வை பார்த்தாள். என்ன ஏது என்று கேட்டுத்தான் என் வீட்டுக்காரருக்கே விஷயம் தெரிந்தது. அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது.

நடுவில் பல வருஷம் அந்த நினைப்பே இல்லை. முப்பத்தெட்டு வயதில் திரும்பி வந்தது. மாதாமாதம் ரத்தம் கட்டுப்படாமல் போய்க்கொண்டிருந்த காலம். கொரட்டூர் ஸ்டேஷன் படி ஏறினால் மூச்சு வாங்கும். ஒருநாள் காலையில் உலை வைக்க அரிசி டின்னைத் திறந்தேன். அந்த வாசனை, காய்ந்த மண்ணும் சாக்கும் கலந்த மாதிரி, நேராக வாய்க்குள் வந்து உட்கார்ந்தது. நாலு அரிசி போட்டேன். அப்புறம் ஒரு பிடி. முதலில் கல் மாதிரி இருக்கும். பல்லுக்கு நடுவில் பிடித்து அழுத்தினால் டக்கென்று உடையும். அந்த டக்குதான் எனக்கு வேண்டும். மாவாகி, பாலாகி, தொண்டைக்குள் இறங்குவதெல்லாம் அப்புறம்.

மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர் பார்க்கிறேன். போல்ட்டு, பேரிங், கையுறை, கிரீஸ் டப்பா எல்லாம் என் பொறுப்பு. ஆறு மாதத்துக்குள் என் கைப்பையில் ஒரு மாத்திரை டப்பா நிறைய அரிசி இருந்தது. லைனிலிருந்து சாமான் கேட்டு வருகிறவர்கள் நான் சோம்பு மெல்லுகிறேன் என்று நினைத்துக் கையை நீட்டுவார்கள். தீர்ந்துபோச்சு என்பேன். வீட்டில் ஒளிக்க முடியவில்லை. அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்புவார். கறுக் கறுக் என்று கேட்கும். நான் மெல்லுவதை நிறுத்துவேன். அவர் சத்தத்தைக் கூட்டினால் மறுபடி ஆரம்பிப்பேன். மானம் கெட்ட பிழைப்பு.

ரத்தம் குறைந்தால் இப்படி ஆசை வரும் என்றார் லேடி டாக்டர். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். அப்பாடா, இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு. ஒழுங்காகச் சாப்பிட்டேன். ரத்தம் ஏறியது, மூச்சு வாங்குவது நின்றது, முகத்தில் களை வந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். அரிசி மட்டும் நிற்கவில்லை. உடம்புக்குத் தேவை தீர்ந்த பிறகும் பல்லுக்குத் தேவை தீரவில்லை. பொட்டுக்கடலை வாங்கி வைத்தார் அவர். பொரி வாங்கி வைத்தார். அதையும் தின்றேன், அரிசியையும் தின்றேன்.

பச்சைத் தண்ணீர் பட்டாலே பல் கூச ஆரம்பித்ததும் பல் டாக்டரிடம் போனேன். சின்ன வயசுப் பெண். என் வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, மேடம், தூக்கத்தில் பல்லைக் கடிப்பீர்களா என்று கேட்டாள். அரிசி தின்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். பல்லின் மேடு பள்ளமெல்லாம் வழுவழுவென்று தேய்ந்துபோயிருக்கிறது, இந்த வயதுக்கு இது ரொம்ப அதிகம் என்றாள். படுக்கும்போது மாட்டிக்கொள்ள அளவெடுத்து ஒரு உறை செய்து கொடுத்தாள். செய்யாத தப்புக்கு அந்த உறையை ஒரு வருஷம் மாட்டிக்கொண்டு தூங்கினேன். செய்கிற தப்பைக் காலையில் எழுந்ததும் செய்தேன்.

இனி ஒரு நீல டிரம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழுவை அன்பியம் என்போம். வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வோம். எங்களிடம் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும், வீட்டுக்கென்று அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டு வைக்க வேண்டும். மிச்சம் மீதியைக் கொடுப்பது இல்லை, நம் தட்டிலிருந்து குறைத்துக் கொடுப்பது. கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவருவார்கள். மாதக் கடைசியில், அடுப்பு எரியச் சிரமப்படும் நாலைந்து வீடுகளுக்கு அதைப் பிரித்துக் கொடுப்போம். சேருகிற அரிசியெல்லாம் அந்த டிரம்மில் இருக்கும். டிரம் என் வீட்டில் இருந்தது. தரைத்தளம், தூக்கி இறக்க வசதி என்பது ஒரு காரணம். கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவள், ஒரு மணி சிந்தாமல் வைத்திருப்பாள் என்பது இன்னொன்று. எல்லாரும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

எத்தனை பலவீனம் இருந்தாலும் அந்த டிரம்மை நான் தொட்டதில்லை. அந்தத் தவக்காலம் வரைக்கும் தொட்டதில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் நாற்பது நாளைக்கு ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றை விடுவோம். கறியை விடுவார்கள், சீரியலை விடுவார்கள். நான் அரிசியை விடுவதாக முதல் நாளான சாம்பல் புதனன்று நேர்ந்துகொண்டேன். வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் அரிசி டின்னுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். காலையில் அவரே ஒரு ஆழாக்கு அளந்து, ஒரு பிடி எடுத்துத் தனியே போட்டுவிட்டு, மீதியைக் கழுவித்தான் என்னிடம் தருவார். பத்து நாள் தாங்கினேன். கைப்பையில் டப்பா இல்லாமல் வேலைக்குப் போனேன். தாடையெல்லாம் வலித்தது. எதிரில் வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். எனக்கு இயல்பிலேயே மூக்கின் மேல் கோபம். அந்த நாட்களில் கேட்கவே வேண்டாம்.

பதினோராம் நாள் துணி துவைக்கும் இடத்துக்குப் போனபோது டிரம் கண்ணில் பட்டது. மூடியைத் திறந்தேன். நான் விட்டது என் வீட்டு அரிசியைத்தானே, இது என் வீட்டு அரிசி இல்லையே என்று அந்த நிமிஷத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது எழுதும்போது கூசுகிறது. அப்போது கூசவில்லை. நேர்த்திக்கடனும் கெடவில்லை, வாயும் நிறைந்தது என்று இருந்தது.

அப்புறம் அது தினசரி ஆனது. கூட்டம் முடிந்ததும் கவர் கவராக வந்ததை டிரம்மில் கொட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுப்பேன். கண்ணை மூடிக்கொண்டு தின்றாலும் எந்த வீட்டு அரிசி என்று சொல்லிவிடுவேன். எதிர் ஃபிளாட்டில் ஐடி வேலை பார்க்கிற தம்பதி கொடுக்கிற பாசுமதி வாசனை மட்டும்தான், கடித்தால் ஒன்றுமில்லை. பள்ளிக்கூட டீச்சர் வீட்டுப் பொன்னி பழையது, நன்றாக உடையும். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் வரும் ரேஷன் அரிசி. தடித்த அரிசி. பல்லுக்கு வேலை வைக்கும். அதை மட்டும் டிரம்மில் கொட்டாமல் தனியாக ஒதுக்கிவைத்தேன்.

அந்த பாட்டிலைக் கொண்டுவருபவர் ஏரிப் பக்கம் லைன் வீட்டில் தனியாக இருக்கும் ஒரு அக்கா. என்னை விட ஏழெட்டு வயது மூத்தவர். அவர் கணவர் இறந்த பிறகு கொஞ்ச காலம் இந்த டிரம்மிலிருந்துதான் அவர் வீட்டுக்கு அரிசி போனது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்ததும், தன் பங்கை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று அவரே வந்து சொல்லிவிட்டார். அடுத்த வாரமே பாட்டிலோடு வந்தார். இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் தின்றேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த பாட்டில் அரிசியை மென்றுகொண்டிருந்தபோது கல் ஒன்று பல்லில் பட்டது. டக்கென்று கேட்டது வேறு சத்தம். காது வரைக்கும் வலி போனது. துப்பிப் பார்த்தேன். வெள்ளை மாவுக்கு நடுவில் ஒரு கறுப்புக் கல், பக்கத்தில் என் பல்லில் ஒரு துண்டு.

பல் வேர் வரைக்கும் இரண்டாகப் பிளந்துவிட்டது என்று டாக்டர் பிடுங்கிவிட்டாள். எதைக் கடித்தீர்கள் என்று கேட்டாள். முறுக்கு என்றேன். அவள் நம்பவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "மேல் பல்லும் விரிசல் விட்டிருக்கு மேடம். நீங்க என்ன பண்றீங்கன்னு என்கிட்ட சொல்ல வேணாம். ஆனா நிறுத்தலன்னா, அம்பது வயசுல உங்களால சோறு மென்னு சாப்பிட முடியாது."

அழுகை வந்தது. வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் அழுகை போய்க் கோபம் வந்தது. என் மேல் வந்திருக்க வேண்டிய கோபம். அது அந்தக் கல் மேல் போனது. கல்லிலிருந்து பாட்டில் மேல் போனது.

அந்த வாரக் கூட்டம் டீச்சர் வீட்டில் நடந்தது. கன்னம் வீங்கியிருந்தது. ஜெபம் முடிந்து காபி கொடுக்கும்போது நான் பொதுவாக ஆரம்பித்தேன். "கல்லும் மண்ணுமா குடுக்கறதுக்குக் குடுக்காமலே இருந்துடலாம். வாங்கறவங்களுக்கும் பல்லு இருக்கு இல்ல?" என்றேன். யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. அங்கே ரேஷன் அரிசி கொண்டுவருபவர் ஒருவர்தான். நாலைந்து பேர் தங்களை அறியாமல் அவர் பக்கம் பார்த்தார்கள். அந்த அக்கா மடியில் இருந்த பாட்டிலை மெதுவாக முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். எனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் எனக்குத் திருப்தியாகவே இருந்தது. இதை மறைத்தால் மற்றதை எழுதுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

புண் ஆறும் வரை ஐந்து நாள் தின்னவில்லை. ஆறாம் நாள் இடது பக்கத்தில் மெல்ல ஆரம்பித்தேன்.

அடுத்த வாரம் பாட்டில் வந்தது. அதில் கல் இல்லை, உமி இல்லை, ஒரு கறுப்பரிசி இல்லை. நம் வாய்க்குப் பயந்து சுத்தமாகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தின்றேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே.

தவக்காலம் முடியப் போகிற குருத்து ஞாயிறுக்கு முந்தின நாட்களில், செய்த பாவத்தைக் கோயில் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பிறர் பொருளை எடுத்துச் சாப்பிட்டேன் என்று மட்டும் சொன்னேன். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடு, மறுபடி எடுக்காதே என்றார் சாமியார். அவர் சொன்னதில் பாதி சுலபம். பாடியில் ஒரு கடையில் நல்ல பொன்னி மூட்டை ஒன்று வாங்கி வந்து டிரம்மில் கொட்டினேன். டிரம் விளிம்பு வரைக்கும் நிறைந்தது. மனசு லேசாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே துவைத்த துணியை எடுக்கப் போனவள், அதே டிரம்மில் கைவிட்டு அள்ளி வாயில் போட்டேன். மென்றுகொண்டிருக்கும்போதுதான் நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயந்தேன். பல் போனபோதுகூட அப்படிப் பயப்படவில்லை.

அந்த வாரக் கூட்டத்துக்கு அந்த அக்கா வரவில்லை. சனிக்கிழமை நாலு மணிக்கு அவர் வீட்டுக்குக் கிளம்பினேன். உடம்பு சரியில்லையோ என்னவோ, பார்த்துவிட்டு அரிசியையும் வாங்கி வருகிறேன் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் எனக்கு அந்த பாட்டில்தான் வேண்டியிருந்தது. டிரம்மில் இருந்த பொன்னி பிடிக்கவில்லை.

லைன் வீட்டு வாசலில், வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் முறம். முறத்தை மூக்கில் இடிக்கிற அளவுக்குத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, விரல் நுனியால் அரிசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு கண்ணில் புரை. சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஊறுகாய் பாட்டிலின் மூடியைக் கவிழ்த்து வைத்து அதில் பொறுக்கிய கல்லைச் சேர்த்திருந்தார். பொடிப்பொடியாக ஏழெட்டுக் கல் இருந்தன. என்னைப் பார்த்ததும் பதறி எழப் பார்த்தார்.

"ரெண்டு நாளா கண்ணு எரிஞ்சிகினே கீதும்மா. அதான் கூட்டத்துக்கு வர்ல. இன்னும் ஒரு பிடி பாக்கி கீது, பாத்துட்டு நானே எட்த்தாந்து குடுக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

மூன்று வாரமாக ஒவ்வொரு பிடியையும் இப்படித்தான் பார்த்திருக்கிறார். எட்டு மணி நேரம் கம்பெனியில் பெருக்கிவிட்டு வந்து, நான் சொன்ன ஒரு சொல்லுக்காக. நான் தின்பதற்காக. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அரிசியில் கல் இருந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று ஏன் கேட்கவில்லை என்றேன். வாங்கிப்போன வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டதாகச் சொன்னார்.

"யாரும் சொல்லலக்கா. நான்தான் தின்னேன். பச்சையா, அப்படியே அள்ளித் தின்னேன். உங்க அரிசி, எல்லார் அரிசியும். அதுலதான் என் பல்லு ஒடஞ்சிது" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் முறத்தைக் கீழே வைத்தார். நல்ல கண்ணால் என்னைப் பார்த்தார்.

"அவ்ளோ பசியாம்மா கீது உனுக்கு?" என்றார்.

குத்திக் காட்டிக் கேட்கவில்லை. வேகாத அரிசியை ஒருத்தி வாயில் அள்ளிப் போட்டுக்கொள்ள அவருக்குத் தெரிந்து ஒரே காரணம்தான் உண்டு. என் வீட்டு ஃபிரிட்ஜ், பூட்டிய அரிசி டின், மாசம் பிறந்தால் வரும் சம்பளம் எல்லாம் என் கண் முன்னால் வந்தது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அழத்தான் முடிந்தது.

அதையும் அவர் பசி என்றே எடுத்துக்கொண்டார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, புருஷன் போன புதிதில் தானும் அப்படித்தான் இருந்ததாகச் சொன்னார். "உங்க ஊட்லேர்ந்து அரிசி வரும். ஒல கொதிக்கறவரைக்கும் தாங்காதும்மா. ரெண்டு வாயி அப்டியே போட்டுகினு அடுப்பாண்ட குந்தியிருப்பேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. நீ கேட்டிருக்கலாம் இல்ல?"

உள்ளே போய் ஒரு தட்டில் சோறும் ரசமும் கொண்டுவந்தார். குழைய வடித்தது, பல் இல்லாத பக்கத்தை ஒன்றும் செய்யாது என்றார். மறுக்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. சாப்பிட்டேன். அந்த ரேஷன் அரிசி வெந்து எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எதிரில் உட்கார்ந்து, நான் கடைசி வாய் சாப்பிடும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். ஒருத்தி சிரித்தாள். இரண்டு பேர் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. டிரம் டீச்சர் வீட்டுக்குப் போனது. அந்த அக்காவிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் எதுக்கும்மா என்று பாட்டிலைத் தடவிக்கொண்டே சொன்னார். எனக்குப் பசி இல்லை, அது ஒரு கெட்ட பழக்கம் என்று பிறகு இரண்டு முறை விளக்கிப் பார்த்துவிட்டேன். அவர் தலையாட்டுகிறார். நம்பியதாகத் தெரியவில்லை. பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்டியா என்றுதான் முதலில் கேட்கிறார். கண் ஆபரேஷனுக்கு நான்தான் கூட்டிப்போனேன். அங்கே கட்டுப்போட்ட கண்ணோடும் அதையே கேட்டார்.

பல் டாக்டரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த உறையைத் தூக்கிப் போடச் சொன்னாள். விரிசல் விட்ட மேல் பல்லுக்குத் தொப்பி போட்டிருக்கிறாள். அது நிற்பதும் போவதும் என் கையில் இருக்கிறது. அந்த ஈஸ்டரிலிருந்து இந்த ஐப்பசி மழை வரைக்கும் மூன்று முறை தவறியிருக்கிறேன். மூன்றும் என் வீட்டு அரிசி. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

டின்னுக்கு இப்போது பூட்டு இல்லை. காலையில் நான்தான் அளக்கிறேன். அளந்ததிலிருந்து ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட வேண்டும். போடும்போது கை விரியாது. அந்த வாசனை வரும், தாடை தானாக இறுகும், நாக்கு அந்தக் குழிக்குள் போகும். கூடவே அந்தக் கேள்வியும் வரும். இல்லக்கா, எனக்குப் பசியில்ல என்று வாய்விட்டே பதில் சொல்வேன். சொல்லிக்கொண்டே கையை விரிப்பேன். அடுப்படியில் தனியாக யாரிடம் பேசுகிறாய் என்று என் வீட்டுக்காரர் முதலில் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது கேட்பதில்லை.